எண்ணெய் காயும் நேரம்

துணியால் தேய்க்கக் கூடாது. விரல் நுனியில் ஒரு துளி எடுத்துக் கட்டையின் மேல் வைத்து, உள்ளங்கையால், கை சுடும்வரை தேய்க்க வேண்டும். அந்தச் சூட்டுக்குத்தான் எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். சென்னியப்பன் தேய்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து, வேட்டியை மாற்றிப் பழைய காக்கி அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு, கார் ஷெட்டை ஒட்டித் தனக்கென்று கட்டிக்கொண்ட பட்டறைக்குள் வந்து கதவைச் சாத்தியாகிவிட்டது. தகரக் கூரையில் வேப்பம்பழம் விழும் சத்தம், தூரத்தில் அவிநாசி ரோட்டின் இரைச்சல், உள்ளே லின்சீட் ஆயிலின் மணம். இதைவிட என்ன வேண்டும் மனுசனுக்கு. கிளப்பில் சுடுவதற்காக லைசென்ஸ் எடுத்த பாயின்ட் டூ டூ ரைஃபிள். அதோடு வந்த மரக்கட்டை அவர் தோளுக்கு எப்போதும் கொஞ்சம் நீளம் கூடுதலாகவே இருந்தது. இரும்புப் பாகத்தைத் தனியாகக் கழற்றி, மூலையில் இருந்த பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, காஷ்மீரத்து வால்நட் பலகை ஒன்றை வரவழைத்து, இந்த வருசம் முழுக்க அதைச் செதுக்கினார். இப்போது அது தோல் போர்த்திய இரண்டு தாங்கிகளில் கிடந்தது. புகை படிந்த மாதிரிக் கருவரிகள் அடிப்பக்கத்தில் தொடங்கி, கைப்பிடி வளைவில் சுழித்து, முன்னுக்கு ஓடின. தேய்க்கத் தேய்க்க அந்த வரிகள் ஆழத்திலிருந்து எழுந்து வந்தன. அப்போதுதான், எதற்கென்றே தெரியாமல், அந்தக் கேள்வியும் எழுந்து வந்தது. ஏனுங்க, அந்தப் பீரோ சாவி எங்க வெப்பீங்க?

கேட்டது அவர் மனைவி தமயந்தி. முந்தாநாள் காலை, திருப்பூர்ப் பார்ட்டி ஒருவரோடு அவர் போனில் இருந்தபோது, சமையலறை வாசலில் ஈரக்கையோடு வந்து நின்று கேட்டாள். எந்தப் பீரோ என்று பார்த்தார். பட்டறைப் பீரோ என்று கையைக் காட்டினாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, மேல் டிராயர்ல, கேலிப்பர் டப்பாவுக்குள்ள, என்று சொல்லிவிட்டு, ஆமாங்க, முப்பதாம் நம்பர் நூலு திங்கக்கிழமை லாரி ஏறிரும், என்று விட்ட இடத்தில் தொடர்ந்தார். அவள் அங்கேயே நின்றாளா, உடனே உள்ளே போய்விட்டாளா? முகம் எப்படி இருந்தது? ஈரக்கை நினைவிருந்தது, விரலில் ஒட்டியிருந்த கறிவேப்பிலைக் காம்புகூட நினைவிருந்தது, முகம் இருந்த இடம் மட்டும் அழித்துவிட்டாற்போல் இருந்தது. எண்ணெய் ஏதாவது தேவைப்பட்டிருக்கும். மிக்ஸி மூடி இறுகிக்கொண்டிருக்கும். ஆனால் பீரோவுக்குள் எண்ணெய் கிடையாது, ஸ்பேனர் கிடையாது, துப்பாக்கியைத் தவிர ஒன்றுமே கிடையாது. அது அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் துப்பாக்கியைப் பற்றி அவள் கேட்டது ஒரே ஒரு தடவைதான். லைசென்ஸ் கிடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, "இதெல்லாம் எதுக்குங்க ஊட்டுல?" என்றாள். "காகிதத்துல ஓட்டை போட," என்று இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. சரி, இன்னொரு துளி. அடிப்பக்கம் இன்னும் வறண்டாற்போல் இருக்கிறது. மரத்தைக் குறுக்கே வெட்டிய முகங்கள் எண்ணெயை அதிகமாகக் குடிக்கும்.

நூல் ஏஜென்ட் வேலையில் நூலைத் தொடவே வேண்டியதில்லை. மில்லில் இருந்து ஏறி பனியன் கம்பெனியில் இறங்கிவிடும். நடுவில் இவர் குரல் மட்டும்தான். முப்பது வருசமாகக் குரலை விற்றுப் பிழைத்த மனுசனுக்குக் கையில் பிடிக்க ஒரு பொருள் வேண்டியிருந்தது. முதலில் ஒரு அரம் வாங்கினார். சாதாரண அரமல்ல, கிளப்பில் ஒரு டாக்டர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்த சுவிஸ் அரம். அதை முதன்முதலாக இரும்பின் மேல் தள்ளியபோது வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கரகரப்பில்லாத ஒரே சீரான சத்தம், பட்டுத்துணியைக் கத்திரிக்கிற மாதிரி. மலிவான அரம் இரும்போடு சண்டை போடும், கையை நடுங்க வைக்கும். நல்ல அரம் கேட்டுக்கொண்டு போகும். அப்புறம் உளிகள், அப்புறம் பெஞ்சோடு பூட்டிய வைஸ், அதன் தாடைகள் ஒன்றோடொன்று சேர்கையில் நடுவில் வெளிச்சம் தெரியாது. ஒவ்வொன்றையும் எண்ணெய் துடைத்து, அதனதன் வடிவத்துக்கு வெட்டிய பள்ளத்தில் படுக்க வைப்பார். எதை எடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப வைத்துவிடலாம். கிளப் ஆட்கள் வந்தால் பட்டறையைத்தான் முதலில் கேட்பார்கள். தமயந்தி காபி கொண்டுவந்து வாசலிலேயே நிற்பாள், தூசு பட்டுவிடும் என்று. உள்ளே வா என்று சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருப்பார். ஸ்டூல் ஒன்றுதானே இருந்தது. இரண்டாவது ஸ்டூலுக்கு இடமில்லாமல் இல்லை, ஒரு மனுசன் வேலை செய்கிற இடத்தில் இரண்டாவது ஸ்டூல் எதற்கு என்றுதான் இருந்துவிட்டது.

கைப்பிடி வளைவுக்கு வந்தார். இந்த வளைவுக்குத்தான் ஒரு மாதம் ஆனது. அதைவிட இரும்பு உட்காருகிற பள்ளத்துக்கு இன்னும் நாளானது. இரும்பும் மரமும் முடி நுழையாமல் பொருந்த வேண்டுமென்றால், இரும்பில் கருப்பு தடவி, மரத்தில் வைத்து எடுத்து, கருப்பு ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி தடவி, மறுபடி வைத்து, மறுபடி சீவ வேண்டும். அதற்கென்று விற்கிற கருப்பு கிடைக்கவில்லை. விளக்குக் கரி உதிர்ந்தது. அப்போது நினைவு வந்து வீட்டுக்குள் போய், தமயந்தியின் கண்மை டப்பாவைக் கேட்டார். விளையாட்டாகத்தான், கொஞ்சம் தயக்கமாகத்தான். அவள் கண்ணாடி முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். டப்பாவை எடுத்து நீட்டி, "எடுத்துக்கங்க. எனக்கு எதுக்கு," என்றாள். அட்டகாசமான கருப்பு. எண்ணெய்ப் பதம், மெல்லிசாகப் பரவும், ஒரு இம்மி மேடு இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். கிளப்பில்கூடச் சொல்லிச் சிரித்தார், ஊட்டுக்காரி மை இல்லீன்னா இந்தக் கட்டையே இல்லீங்க என்று. உள்ளங்கை நின்றது. எனக்கு எதுக்கு. அந்த டப்பாவை அவர் காலி பண்ணிவிட்டார். வேறு வாங்கிக் கொடுக்கவில்லை. அவளும் வாங்கவில்லை. இன்று மத்தியானம் சோறு போட்டபோது அவள் கண்ணில் மை இருந்ததா? இல்லை. நேற்று? எப்போதிருந்து இல்லை? காலேஜ் முடித்த பெண்ணாக மேட்டுப்பாளையத்தில் அவளைப் பார்க்கப் போனபோது, முகத்தில் வேறெதுவும் ஞாபகம் இல்லாமல் அந்தக் கண்ணை மட்டுமே எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர். மேட்டில் ஒட்டிய கருப்பை இம்மி இம்மியாகப் பார்த்துப் பார்த்துச் சீவியபோது, அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை.

போதும், வேலையைப் பார்க்கலாம் என்று மறுபடி தேய்த்தார், கை தேய்த்தது, மனசு கூட வரவில்லை. இந்த வருசம் நல்ல வருசம் என்றல்லவா நினைத்திருந்தார். முன்னெல்லாம் பட்டறைக்குள் வந்து அரை மணி நேரம் ஆவதற்குள் கூப்பிட்டுவிடுவாள். ஏனுங்க, கடைக்குப் போலாமுங்களா. ஏனுங்க, எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு என்ன செய்றது. ஏனுங்க, யாழினி போன் பண்றா, பேசுங்க. ஒவ்வொரு தடவையும் உளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் திரும்பினால் கை சுருதி விட்டிருக்கும். இந்த வருசம் அவள் கூப்பிடவே இல்லை. மகள் யாழினி புனேவுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு வீடே அடங்கிப்போனது. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்களோடு நடக்கப் போவாள், அதை நிறுத்தினாள். கால் வலி என்றாள். பேப்பர் பிரிக்காமலே கட்டுக்குப் போனது. குழம்பில் உப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது, போட்டுக்கொள்வார். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் தாமதமாக, தூரத்துக் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி. வயசு, அந்தப் பருவம், எல்லாருக்கும் வருவதுதான் என்று வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டாரா? அதைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. யாரும் கூப்பிடவில்லை, வேலை ஓடுகிறது என்பதோடு சரி. இந்தக் கட்டை இவ்வளவு நன்றாக வந்ததே அதனால்தான். அவள் வாய் மூடின நாட்களை எல்லாம் எடுத்து இதில் தேய்த்து ஏற்றியிருக்கிறார். இல்லை, ஒன்றுமே செய்யாமல் இல்லை. யாழினி புனேவுக்குப் போன மாதத்தில் தமயந்தி அழுதுகொண்டே இருந்தாளே, அப்போது தேக்கில் ஒரு ஸ்டாண்டு செய்து கொடுத்தார், போட்டோ வைக்க, ஆணியே இல்லாமல் பொருத்தின ஸ்டாண்டு. வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஸ்டாண்டெல்லாம் வேண்டாமுங்க. செத்த நேரம் உக்காருங்க," என்றாள். பாலிஷ் நிறம் பிடிக்கவில்லை போல என்று நினைத்தார். அடர்த்தியாக இன்னொரு கை பாலிஷ் அடிக்க அதைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

தோட்டா டப்பா வீட்டுக்குள், படுக்கையறை பீரோவின் லாக்கரில் இருந்தது. துப்பாக்கி ஓரிடம், தோட்டா ஓரிடம் என்று ஒழுங்காகப் பிரித்து வைத்தவர் அவர்தான். கிளப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கூடக் கொடுப்பார். லாக்கர் சாவி தமயந்தியின் இடுப்புக் கொத்தில் இருந்தது, வந்த நாளிலிருந்து அங்கேதான் இருந்தது. அதனால் அவளிடம் இல்லாதது ஒரே ஒரு சாவிதான். அதைத்தான் கேட்டாள். எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றார். வெயில் ஜன்னல் வழியாக வந்து உளிகளின் மேல் கிடந்தது. சேச்சே, என்ன நினைப்பு இது. தமயந்தி யார், எறும்புப் பொடி போடுவதற்கே யோசிப்பவள். பல்லியைத் துரத்தக் கதவைத் திறந்து வைப்பவள். ஆனால் எறும்பும் பல்லியும் வேறு, தன்னுயிர் வேறு அல்லவா. டிராயரை இழுத்தார். பழக்கத்தில் சத்தமில்லாமல் வந்தது. மெழுகு தேய்த்து அவர் அப்படிப் பண்ணி வைத்திருந்தார். கேலிப்பர் டப்பாவைத் திறந்தார். சாவி இருந்தது. மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. சாவியின் பல் இடப்பக்கம் பார்த்திருந்தது. அவர் எப்போதும் எப்படி வைப்பார்? பல் வலப்பக்கம்தானே. எடுக்கும்போது கட்டைவிரல் வளையத்தில் விழ வேண்டும், அதற்காக வலப்பக்கம். கண்ணை மூடிக்கொண்டு வைத்துப் பார்த்தார். வலப்பக்கம். இன்னொரு தடவை வைத்தார். இடப்பக்கமோ? கை தனக்குத் தெரிந்ததை மறந்துபோயிருந்தது. தலைமுடியின் கனத்தை அளக்கிற கருவி அந்த டப்பாவில் படுத்திருந்தது, வீட்டுக்குள் இருக்கிற ஒருத்தி இங்கே வந்து போனாளா என்பதை அளக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பீரோவைத் திறந்து பார்த்தார். உறைக்குள் இருந்தது இருந்தபடி இருந்தது. மறுபடி பூட்டினார். தீர்ந்தது. சாவி இனி அவரிடமே இருக்கும், லாக்கர் சாவியையும் ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிவிடலாம், இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. திரும்ப வந்து ஸ்டூலில் உட்கார்ந்து விரலில் ஒரு துளி எடுத்தார். தேய்க்கவும் ஆரம்பித்துவிட்டார். கை கொஞ்சம் சூடான பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தது. ஆடுகிற திருகை இறுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற மாதிரி. பிடுங்கினது சாவியைத்தானே, அவளை அந்த டிராயர் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தது எதுவோ அது உள்ளேயே இருக்கிறதே, சாப்பாடு போட்டுவிட்டுத் தனியாக இருக்கிறதே. இந்த ரைஃபிள் இந்த வீட்டில் இருக்கக் கூடாது. அதற்கும் மனசு உடனே ஒரு வழி கண்டுபிடித்தது: கட்டையில் இப்போதுதான் எண்ணெய் போட்டது, நாளைக்கு மத்தியானம் வரை தொடக் கூடாது, இரும்பைப் பூட்டினால் பொருத்தில் ரேகை விழும், திங்கட்கிழமை நிதானமாகக் கொண்டுபோகலாம். எவ்வளவு நியாயமாக இருந்தது. எண்ணெய் காயட்டும். அவர் வாழ்க்கையில் எத்தனையோ காரியத்துக்கு இப்படி ஒரு எண்ணெய் காய வேண்டியிருந்தது. அப்படியே எழுந்து போனை எடுத்தார். போன் மேலெல்லாம் எண்ணெய்.

துப்பாக்கிக் கடை பர்னபாஸ் இவருக்குப் பத்துப் பதினைந்து வருசப் பழக்கம். எலெக்ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் அவர் கடையில்தான் ஒப்படைத்து வைப்பார்கள். "சொல்லுங்க சார், கட்டை எப்படி வருது?" என்று உற்சாகமாக எடுத்தார். "ரைஃபிளை உங்ககிட்ட ஒப்படைக்கோணும். இன்னைக்கே." "இப்ப எலெக்ஷன் ஒண்ணும் இல்லையே சார்." "இல்லீங்க. ஊட்டுல வெச்சிருக்க வேண்டாம்னு." கடைக்குள் ஓடுகிற ஃபேன் சத்தம் கேட்டது. "லைசென்ஸ எடுத்துட்டு வாங்க சார். ஏழு மணி வரைக்கும் இருப்பேன்," என்றார் பர்னபாஸ். பிறகு குரலைத் தணித்து, "யாருக்கு, உங்களுக்கா சார்?" என்று கேட்டார். "இல்ல." "சரி. தனியா விட்டுட்டு வராதீங்க. கூடவே கூட்டிட்டு வாங்க." கடைக்காரருக்கு ஒரே நொடியில் கேட்கத் தெரிந்த கேள்வி. இதைக் கேட்க இவருக்கு இரண்டு நாளும் இரண்டு கை எண்ணெயும் ஆயிற்று.

தமயந்தி யாழினியின் அறையில் இருந்தாள். விரிப்பில்லாத கட்டிலில், ஃபேன் போடாமல், மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். எப்போதும் இங்கேதான் உட்காருவாளா, தான் கதவைச் சாத்திக்கொண்ட மத்தியானங்களில் எல்லாம்? "காபி வெக்கட்டுங்களா?" என்று எழுந்தாள். "வேண்டாம். உக்காரு." தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடும் என்கிற பயம். "பீரோ சாவி கேட்டியே, முந்தாநாள்." "ஆமாங்க." "எதுக்குக் கேட்ட?" அவள் ஜன்னலைப் பார்த்தாள். சரி, விடு, ஒண்ணுமில்ல, என்று எழுந்துகொள்ள அவருடைய கால் தயாராக இருந்தது. காலை அங்கேயே வைத்தார். "தமயந்தி, உசுர விட்டுரலாம்னு தோணுதா உனக்கு?" என்று கேட்டார். சத்தமாகக் கேட்டுவிட்டாற்போல் இருந்தது. அவள் திடுக்கிடவில்லை. யாரோ கடைசியில் சரியான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது போல் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "அப்படின்னு முழுசாவும் இல்லீங்க," என்றாள். "காத்தால முழிப்பு வந்தா, ஐயோ இன்னொரு நாளான்னு இருக்குது. சோறாக்கறது, பாத்தரம் கழுவறது, எல்லாம் வேற யாரோ செய்றாப்பல இருக்குது. எதையாச்சும் செஞ்சு இது நின்னாப் போதும்னு இருக்குது. நேத்து நீங்க ஆபீஸ் போனதுக்கப்பறம் போயி சாவிய எடுத்தேன். கையில வெச்சுட்டு உங்க ஸ்டூல்ல உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. கேஸ் சிலிண்டர்காரரு வாசல்ல வந்து கூப்புட்டாரு. பயமாப் போயிருச்சு. டப்பாவுல வெச்சுட்டு வந்துட்டேன்." எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே என்கிற வார்த்தை அவர் நாக்கு வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினார். மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், உப்பில் சொன்னாள், செத்த நேரம் உக்காருங்க என்று சொன்னாள், கடைசியில் நேராக வந்து சாவி எங்கே என்று கேட்டே விட்டாள். இவர் இடத்தைச் சொன்னார். "நான் பாக்கல," என்றார். "நீங்க வேலையா இருந்தீங்க," என்றாள் அவள், அவருக்காக யாரிடமோ வாதாடுவது போல. பிறகு அவர் கையைப் பார்த்தாள். உள்ளங்கை எண்ணெய் ஏறிப் பளபளத்தது. "அந்தக் கட்டை ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க. நேத்து தொட்டுப் பாத்தேன். யாழினி பொறந்தப்ப அவ முதுகு இருந்தாப்பல இருக்குது." இத்தனை வருசத்தில் அவர் செய்த எதையும் அவள் இப்படிச் சொன்னதில்லை. எதையும் இவர் அவள் கையில் கொடுத்ததுமில்லை. யார் யாரோ மெச்சியபோதெல்லாம் வாசலில் காபித் தட்டோடு நின்றவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று எதிர்பார்த்திருக்கிறார். அந்த வார்த்தை வந்த நேரத்தைப் பார். வாயைத் திறந்தார். அழுகை வந்தது, அதுவும் இருமல் மாதிரித்தான் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டரப் பாக்கலாமா?" என்றார். "எந்த டாக்டருங்க?" "மனசுக்குப் பாக்கறவங்க. நம்ம கிளப் டாக்டரக் கேட்டா யாருகிட்டப் போறதுன்னு சொல்வாரு. இன்னைக்கே கேக்கறேன். நானும் கூட இருக்கேன்." அவள் யோசித்தாள். பெரிய சுமையை இறக்கி வைக்க இடம் பார்க்கிறவள் மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்தாள். "யாழினிகிட்ட இப்பச் சொல்ல வேண்டாமுங்க," என்றாள். "நீயே எப்பச் சொல்லலாம்னு தோணுதோ அப்பச் சொல்லு." "ம்," என்றாள். அந்த ஒரு எழுத்து சம்மதமா, களைப்பா என்று தெரியவில்லை. ரைஃபிளை ஒப்படைக்கப் போவதைச் சொன்னதும் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். இவர் பின்னாலேயே போனார், போகாமல் இருக்க முடியவில்லை, அதை அவள் கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. லாக்கரைத் திறந்து, தோட்டா டப்பாவை எடுத்து, பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். "இதையும் கொண்டு போயிருங்க." சுற்றிய துணியின் முனையைத் திருத்தமாக உள்ளே மடக்கிவிட்டுத்தான் கொடுத்தாள். அந்த மடிப்பைப் பார்த்ததும் அவருக்குச் சின்னதாக ஒரு நம்பிக்கை வந்தது. வந்த வேகத்திலேயே அதற்கு வெட்கமும் வந்தது. பட்டறையில் இரும்புப் பாகத்தை உறையோடு எடுத்துக்கொண்டு, தாங்கியில் ஈரமாகக் கிடந்த கட்டையைப் பார்க்காமல் வெளியே வந்தார். தாழ்ப்பாள் போட்டாரா என்று காரில் ஏறின பிறகு சந்தேகம். போய்ப் பார்க்கவில்லை.

காரில் பேச்சில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை, பேசாமல் இருக்கவும் பயமாக இருந்தது. இந்தப் பேசாமை பழைய பேசாமைதானா, வேறா? லட்சுமி மில் சிக்னலில் பூக்காரப் பெண் ஒருத்தி ஜன்னலில் முழம் நீட்டினாள். தமயந்தி வேண்டாம் என்று தலையசைத்தாள். முன்னால் என்றால் விலை கேட்டிருப்பாள். இனி ஒவ்வொரு தலையசைப்பையும் இப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கும் போல. பார்க்கட்டும். இத்தனை வருசம் பார்க்காததை எல்லாம் சேர்த்துப் பார்க்கட்டும், ஆனால் கைவிட்டுப் போன இந்த வருசத்தை எங்கே போய்ப் பார்ப்பது. கடைத்தெருவில் கட்டிட நிழலாகப் பார்த்து, கடைக் கண்ணாடியிலிருந்து தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். "வாறியா உள்ள?" "இங்கயே இருக்கறனுங்க." கார்க் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டார். கடைக்குள் பர்னபாஸ் உறையைத் திறந்து, எண்ணைச் சரிபார்த்து, "கட்டை எங்க சார்?" என்றார். "எண்ணெய் காயல." அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ரவிக்கைத் துணியைப் பிரித்து டப்பாவை எடுத்துக்கொண்டு, துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "திரும்ப எப்ப எடுப்பீங்கன்னு போடட்டும்?" "அந்த எடத்த சும்மா விடுங்க." கையெழுத்துப் போடும்போதும் கண்ணாடி வழியாகக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிருந்து அவள் தலை மட்டும் தெரிந்தது. அது ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஏன் சாய்ந்திருக்கிறது? பேனாவை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினார்.

தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முந்தானை ஏறி இறங்குவதை, ஏறி இறங்குவதை, நிச்சயமாகிற வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். நிச்சயமான பிறகும் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. நெற்றிக்கு மேல் நரை வந்திருந்தது, நிறைய வந்திருந்தது. எழுப்ப மனசு வரவில்லை, கதவைத் திறந்தாலே சத்தம் கேட்கும். பின்னால் சரக்கு லாரி ஒன்று வந்து உறுமிக்கொண்டு நின்றது. கிளீனர் இறங்கி வந்து, "சார், வண்டிய எடுங்க, லோடு எறக்கோணும்," என்றான். இவர் அவனை நோக்கி இரண்டு கையையும் தூக்கினார். "கொஞ்சம் பொறுங்க. ஊட்டுக்காரி உள்ள தூங்கறா." "எழுப்புங்க சார்." "இல்லீங்க, எழுப்ப முடியாது. ரொம்ப நாளாத் தூங்கலன்னு நெனைக்கிறேன்." ரொம்ப நாளா என்றால் எத்தனை நாள், அது அவருக்குத் தெரியாது, தெரியாது என்பதைக் கிளீனரிடம்கூட மறைக்க முடியாமல் குரல் உடைந்தது. அவன் ஒரு கணம் அவரைப் பார்த்தான், காருக்குள் பார்த்தான். டிரைவர் ஹாரனில் கையை வைப்பது தெரிந்தது. சென்னியப்பன் காருக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, அடிக்காதீங்க, அடிக்காதீங்க என்று சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தார். வெயில் தலையில் இறங்கியது. டிரைவர் முறைத்தார், எதையோ முணுமுணுத்தார். பிறகு இன்ஜினை அணைத்தார்.